பசை இருக்கக் கூடாது

ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டதாகச் செல்வமேரி அக்கா போனில் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்துப் போல்ட்டுக்கா?" என்பதுதான். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நான்கு போல்ட்டுகள் அப்படி என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன.

"பக்கம் பாக்கவாட்டி எனக்கு நேரம்? அஞ்சு பேரு தலயில எண்ணெயும் இடுப்புல துண்டுமா நடுரோட்டுல நிக்காவ. பின்னால வேன்காரன் ஹாரன அடிச்சுக் கொல்லுதான். மோட்டாரு தொங்கிக்கிட்டுக் கெடக்கு. இவ பக்கம் கேக்கா!"

நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. வண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் இது மூன்றாவது தடவை. அதே வண்டி, அதே மோட்டார், அதே நான்கு போல்ட்டுகள்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குள் காலெடுத்து வைக்கப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். புத்தகத்தில் திரெட் லாக்கர் பற்றி அரைப் பக்கம்தான் இருக்கும். அதை வைத்து நான் பட்ட பாடு அரைப் பக்கத்தில் அடங்காது.

1. கவுன்ட்டரும் ஃப்ளோரும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு பேட்டரி ஆட்டோ சர்வீஸ் சென்டரில் நான் ஃப்ளோர் இன்சார்ஜ்; வண்டிகளைக் கழற்றி மாட்டும் இடம் என் பொறுப்பு. சொந்த ஊர் வடகரை. அப்பா தோப்புகளில் தேங்காய் உரிப்பவர். அம்மாவுக்கு வயல் வேலை. இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதற்கு மேலும் படித்து டிப்ளமா வாங்கியதும் நான்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். என் தமிழ்க் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று சொல்வார்கள். நானும் நம்பினேன்.

சென்டர் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். அவருக்கு ஒரே ஒரு குறை, நான் ஃப்ளோரில் நிற்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

"ஏம்மா, பொம்பளப் பிள்ளைக்கு கிரீசுக்குள்ள என்ன வேல? கவுன்ட்டர்ல வந்து உக்காரு. ஃபேன் இருக்கு. வாரவங்ககிட்ட ரெண்டு வார்த்த சிரிச்சுப் பேசு."

"சிரிக்கதுக்கா அண்ணாச்சி மெக்கானிக்கல் படிச்சேன்?"

"அதான் சிரிக்கவே மாட்டேங்க போல."

ஃப்ளோரில் என்னோடு வேலை பார்ப்பவர் மாரியப்பன் அண்ணன். ஐம்பது வயது தாண்டியவர். டீசல் ஆட்டோ காலத்திலிருந்து மெக்கானிக். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் வண்டிக்கு அடியில் பள்ளமாக வெட்டிய பிட்டுக்குள் இறங்கி மாட்டுவார். நான் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கத்தைச் சரிபார்த்து, நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பேன். நட்டு இளகித் திரும்பினால் கோடு முறிந்துவிடும், பார்த்ததும் தெரியும். இதுதான் எங்கள் வேலைப் பிரிவினை.

செல்வமேரி அக்கா சொந்தமாகப் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவர். சீசன் தொடங்கிவிட்டால் காலையிலிருந்து மாலை வரை மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் மாறி மாறி ஓட்டுவார். வண்டி நிறைய ஆள், தொடர்ந்து சாரல், எண்ண முடியாத வேகத்தடைகள். மோட்டாரைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளும் அந்த அதிர்வில் இளகின. அதனால் முதல் சர்வீசிலேயே திரெட் லாக்கர் போடச் சொன்னேன்.

தெரியாதவர்களுக்காக: அது நீல நிறத் திரவம். போல்ட்டின் மரையில், அதாவது அதன் திருகுப் பள்ளங்களில், இரண்டு சொட்டு விட்டு நட்டை இறுக்க வேண்டும். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, காற்று இல்லாமல் இரும்பை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கெட்டியாகும். அதன் பிறகு அதிர்வு வந்தாலும் நட்டு திரும்பாது. வேண்டுமென்றால் ஸ்பேனர் போட்டுக் கழற்றலாம். சிவப்பு நிறத்திலும் ஒன்று உண்டு. அதைப் போட்டால் சூடுகாட்டாமல் கழற்ற முடியாது.

நான் விளக்கி முடித்ததும் செல்வமேரி அக்கா கேட்டார்: "காத்து படலன்னா கெட்டியாயிருமா? அப்ப ரெண்டு சொட்டு குடு. எங்க வீட்டுக்காரரு வாயில விட்டுப் பாக்கேன். மூடவே மாட்டேங்காரு மனுசன்."

ஃப்ளோரில் யாரும் அதைத் திரெட் லாக்கர் என்று சொல்ல மாட்டார்கள். 'நீலப் பசை' என்பார்கள். சீக்கிரத்தில் வெறும் 'பசை' ஆகிவிட்டது. "அது பசை இல்லண்ணே, திரெட் லாக்கர்" என்று நான் திருத்துவேன். "சரிம்மா, அந்தப் பசைய எடு" என்பார் மாரியப்பன் அண்ணன்.

இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

2. ஜாம் பாட்டில்

முதல் தடவை வண்டி திரும்பி வந்தபோது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மாரியப்பன் அண்ணனிடம் ஒரு பழைய ஜாம் பாட்டில் இருந்தது. அதில் பாதி எஞ்சின் ஆயில். எந்தப் போல்ட்டை எடுத்தாலும் அதில் ஒரு முக்கு முக்கித்தான் மாட்டுவார். திரெட் லாக்கர் போட வேண்டிய போல்ட்டையும் முதலில் ஆயிலில் முக்கி, அதன்மேல் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார்.

"எண்ணெ இருந்தா அது இரும்பத் தொடவே தொடாதுண்ணே! எதுக்கு முக்குதிய?"

"துருப்பிடிக்காம இருக்கத்தாம்மா. நாளைக்குக் கழத்துதவன் நம்மள வையக் கூடாதுல்லா?"

"கழத்தவே வேண்டாம்னுதான இத போடுதோம்!"

"அப்ப வண்டிக்கு வயசானா?"

பதில் சொல்லி மாளவில்லை. இந்த ஊரில் எண்ணெய் இல்லாமல் எதுவும் நடக்காது. அருவிக்குப் போகிறவன் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறான். போல்ட்டுக்கும் அதே மரியாதை.

ஏற்கெனவே சுவரில் நான் எழுதி ஒட்டிய சார்ட் ஒன்று இருந்தது. ஒன்று, போல்ட்டைத் துணியால் துடைக்கவும். இரண்டு, மரையில் இரண்டு சொட்டு விடவும். மூன்று, டார்க் ரெஞ்சால் இறுக்கவும். சார்ட்டின் அடியில் ஒரு வரிக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, "முக்கியம்: இறுக்கும்போது மரையில் சிறிதும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது" என்று எழுதப்போனேன். அளந்து பார்த்தால் இடம் போதவில்லை. எழுத்தைக் குறுக்கினால் அழகு கெடும். ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

முக்கியம்: இறுக்கும்போது மரையில் சிறிதும் பசை இருக்கக் கூடாது!

தூரத்தில் நின்று பார்த்தேன். அச்சுப்போல இருந்தது. ஜாம் பாட்டிலையும் பிடுங்கி என் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

3. பாதி பாட்டில்

இரண்டாவது தடவை வண்டி வந்தபோது பழியைத் தூக்கிக்கொள்ள அண்ணாச்சி தயாராக இருந்தார், அவருக்கே தெரியாமல்.

திரெட் லாக்கர் பாட்டிலைப் புதிதாக வாங்கினாலும் பாதிதான் திரவம் இருக்கும். மீதிப் பாதி காற்று. அந்தக் காற்று இருந்தால்தான் உள்ளே இருப்பது கெட்டியாகாமல் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி நிரப்புகிறார்கள். அண்ணாச்சி கண்ணில் இது பட்டுவிட்டது.

"பாத்தியளா, பாதி பாட்டில்ல காத்த அடைச்சு வித்திருக்கான்! நம்மள என்ன கேணப்பயன்னு நெனச்சானா?"

நான் லீவில் இருந்த நாளில் கையிருப்பில் இருந்த பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, விளிம்புவரை நிரப்பி, மூடியை அழுத்தி மூடி வைத்திருந்தார். இடம் மிச்சமாம். வண்டி திரும்பி வந்த பிறகு நான் திறந்து பார்த்தால் அடியில் அல்வா மாதிரி உறைந்து கிடந்தது. மேலே இருந்ததைத்தான் மாரியப்பன் அண்ணன் குச்சியால் தொட்டுத் தொட்டுச் செல்வமேரி அக்காவின் வண்டிக்குப் போட்டிருக்கிறார்.

"அதுக்கு மூச்சு விட காத்து வேணும் அண்ணாச்சி."

"பசைக்கு மூச்சா? ஏம்மா, உனக்கு மரை கிரை கழண்டு போச்சா?"

டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன். எதுவும் விழவில்லை. அண்ணாச்சி டப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, டப்பா வீட்டு டப்பா. வீட்டுக்காரி தேடுவா. அதையாவது கழுவிக் குடு" என்றார். கழுவ முடியவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதுப் பாட்டில் வாங்கினோம். புது போல்ட்டுகள், புது நட்டுகள். இனி வராது என்று செல்வமேரி அக்காவிடம் நானே சொன்னேன். சத்தியம் செய்யாத குறை.

4. மூன்றாவது தடவை

அப்படிச் சொல்லிப் பதினைந்து நாள் ஆவதற்குள்தான் ஐந்தருவி ஏற்றத்திலிருந்து அந்த போன் வந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். செல்வமேரி அக்கா சாரலில் நனைந்த சேலையோடு சென்டர் வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"கைப்பிள்ளையோட ஒருத்தியும் உக்காந்திருந்தா. ஏத்தமா இருக்கப்போயி நின்னுச்சு. எறக்கத்துல கழண்டிருந்தா என்னட்டி செய்வ? பதில் சொல்லு. படிச்சவதான?"

அண்ணாச்சி கவுன்ட்டரிலிருந்து எழுந்து வந்தார். வழக்கமான கிண்டல் இல்லை.

"இங்க பாரும்மா. இன்னும் ஒரு தடவ இந்த வண்டி இதே போல்ட்டுக்காக உள்ள வந்துச்சுன்னா, நீ கவுன்ட்டருக்குப் போயிரு. இதுக்கு மேல நான் வாயத் தொறக்க மாட்டேன். ஃப்ளோர மாரியப்பன் பாத்துக்கிடுவான்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கவுன்ட்டர் கேவலமான இடமில்லை. ஆனால் ஸ்பேனரைப் பிடிக்கத்தான் நான் படித்தேன். அப்பா உரித்த ஒவ்வொரு தேங்காயும் அதற்காகத்தான்.

நேராகப் பிட்டில் இறங்கினேன். ஒரு போல்ட்டு ரோட்டில் எங்கோ விழுந்துவிட்டது. மற்ற மூன்றிலும் மஞ்சள் கோடு முறிந்திருந்தது. கழற்றிய போல்ட்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். லாக்கர் போட்டிருந்தால் மரைக்குள் உலர்ந்த பொடி ஒட்டியிருக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது.

"அண்ணே, இதுல லாக்கர் போடவே இல்ல."

"போட்டேம்மா."

"போட்டா எங்க போச்சு? ஆவியாப் போச்சா?"

"எம் பிள்ளைக மேல ஆணையா போட்டேன். நீ எழுதி வச்சிருக்கப்படி ஒரு எழுத்து மாத்தாமப் போட்டேன்."

"எழுதினத யாரு இங்க படிக்கா?" என்று கத்திவிட்டேன். "படிச்சிருந்தா நான் ஏன் இப்பிடி நாயா அலையுதேன்?"

மாரியப்பன் அண்ணனின் முகம் சுருங்கியது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னவோ செய்கிறது.

5. ஊறினால் போதும்

"சரி, என் கண் முன்னால போடுங்க" என்று சொல்லிப் பிட்டுக்குள்ளேயே நின்றேன். இரண்டு மாதத்தில் அவர் லாக்கர் போடுவதை நான் நின்று பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இறுக்கிய பிறகு சரிபார்ப்பதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன்.

புது போல்ட்டை எடுத்தார். பனியன் வேஸ்ட் துணியால் நன்றாகத் துடைத்தார். சரி. பாட்டிலைச் சாய்த்து மரையில் இரண்டு சொட்டு விட்டார். எண்ணி இரண்டு. அதுவும் சரி. போல்ட்டைப் பலகையின் மேல் பக்குவமாக நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"எதுக்கு வெயிட் பண்ணுதிய?"

"ஊறட்டும்."

பத்து நிமிடம். பிறகு சுத்தமான துணி ஒன்றை எடுத்து, மரைக்குள் நகத்தை விட்டு, ஒரு பள்ளம் விடாமல் அந்த நீலத்தை எல்லாம் துடைத்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். நட்டை எடுத்தார்.

"அண்ணே!" அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன செய்யுதிய?"

"நீ எழுதினதத்தாம்மா" என்று பிட்டுக்குள் நின்றபடியே சுவரைக் காட்டினார். பிறகு எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசித்தார். "இறுக்கும்போது... மரையில்... சிறிதும்... பசை... இருக்கக் கூடாது. முக்கியம்னு வேற செவப்புல போட்டிருக்க. எனக்கும் மொதல்ல குழப்பமாத்தான் இருந்துச்சு. போடவும் சொல்லுதா, இருக்கக் கூடாதுன்னும் சொல்லுதாளேன்னு. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். அருவிக்குப் போனா எண்ணெ தேச்சு ஊற வச்சு, அப்பறம் தண்ணில நின்னு போக்கிருதோம்லா? ஒடம்புக்குள்ள எறங்கினது போதும், மேல நிக்கது வேண்டாம். இரும்புக்கும் அப்பிடித்தாம் போலன்னு நெனச்சேன். படிச்ச பிள்ள சும்மாவா எழுதியிருக்கும்?"

நான் சார்ட்டைப் பார்த்தேன். அச்சுப்போல இருந்தது.

அந்த ஃப்ளோரில் அதைப் படித்த ஒரே ஆள் அவர்தான். படித்து, குழம்பி, நான் எழுதினால் காரணம் இருக்கும் என்று நம்பி, அந்தக் காரணத்தையும் அவரே தேடிக் கண்டுபிடித்து, இரண்டு மாதம் ஒரு எழுத்து மாற்றாமல் செய்திருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் 'யாரு இங்க படிக்கா' என்று கத்தியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருந்தால் "பசையே இல்லாமக் கெடக்கு தல" என்பாள் அம்மா. நான் எழுதியது அந்தப் பசை. ஃப்ளோரில் இருந்தது இந்தப் பசை. "அது பசை இல்ல, திரெட் லாக்கர்" என்று தினமும் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, அவர்கள் எதைப் பசை என்கிறார்கள் என்று தெரியாதா? தெரியும். எழுதும்போது ஞாபகம் வரவில்லை. என் எழுத்து அழகாக இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, கெடச்சுதா? யாரு தப்பு?" அண்ணாச்சி மேலே குனிந்து நின்றார்.

மாரியப்பன் அண்ணன் துடைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அந்த வரி சுவரில் ஏறிய நாளிலிருந்து அவர் கை பட்ட வண்டிகள் எல்லாம் இப்போது ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கத்தில் கழன்றால் என்ன செய்வாய் என்று செல்வமேரி அக்கா கேட்டது அப்படியே காதில் இருந்தது. எல்லா வண்டிகளையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

"என் தப்பு அண்ணாச்சி. சார்ட்ல தப்பா எழுதிட்டேன். அண்ணன் அதப் பாத்துத்தான் செஞ்சிருக்காரு."

விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அண்ணாச்சி சிரிப்பாரா, வைவாரா என்று தெரியவில்லை. சுவரிலிருந்த சார்ட்டை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில், "ஒரு வார்த்தைக்கு எடமில்லன்னா இன்னொரு சார்ட்டு வாங்கப்படாதா?" என்றார். "போ. கவுன்ட்டர்ல உக்காந்து அம்புட்டு பேருக்கும் நீயே போன் போடு."

பதினோரு வண்டிகள். பதினோரு பேரிடமும் திட்டு வாங்கினேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது.

மறுநாள் முதல் ஒவ்வொரு வண்டியாக வந்தது. தின்னர் விட்டுக் கழுவி, உலர வைத்து, இரண்டு சொட்டு விட்டு, துடைக்காமல் இறுக்கினோம். லாக்கர் கெட்டியாகும்வரை வண்டி ஒரு நாள் நிற்கட்டும் என்றேன். "சீசன்ல ஒரு நாளா? ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?" என்று செல்வமேரி அக்கா சண்டைக்கு வந்தார். சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் வாசலில் உட்கார்ந்து என்னை வைதுகொண்டே இருந்தார், வீட்டுக்குப் போகவில்லை.

6. கோடு

மாரியப்பன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, நான் எட்டாப்பு. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன், அதாந் தப்பாப் போச்சு" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். மண்டையில் நங்கென்று இறங்கியது.

புது சார்ட்டை அவரையே எழுதச் சொன்னேன். கோணல் மாணலாக, எழுத்துப் பிழைகளோடு எழுதினார். "எண்ண இருக்க கூடாது. பச இருக்கனும். தொடைக்க கூடாது." நான் திருத்தவில்லை. இன்றும் சுவரில் அதுதான் இருக்கிறது. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் இதுவரை யாரும் இல்லை.

இப்போதெல்லாம் நான் எதை எழுதினாலும் ஒட்டுவதற்கு முன் அவரிடம் கொடுத்து, "இதப் படிச்சிட்டு என்ன செய்வியன்னு சொல்லுங்க" என்று கேட்கிறேன். புரிகிறதா என்று கேட்பதில்லை. புரிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். படித்த திமிர் ஒரு ஓரமாக இருந்தால் இருக்கட்டும். என்னுடையது இன்னும் இருக்கிறது. அது ஸ்பேனரைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சீசன் முடிந்து, சாரல் நின்று, வெயில் அடித்த ஒரு நாள் செல்வமேரி அக்கா வண்டியை உள்ளே கொண்டு வந்தார். அண்ணாச்சி கவுன்ட்டரிலிருந்து தலையை நீட்டினார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"என்னக்கா?"

"பிரேக்கு சத்தம் போடுது. ஏன் மொகம் இப்பிடிப் போவுது உனக்கு?"

பிரேக்கை அப்புறம் பார்க்கலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு பிட்டில் இறங்கினேன். சேறு அப்பியிருந்தது. துணியால் துடைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நான்கு மஞ்சள் கோடுகளும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை முறியாமல் நேராக இருந்தன.

"என்னம்மா?" என்றார் அண்ணாச்சி மேலிருந்து.

"கோடு நேரா இருக்கு அண்ணாச்சி."

அவர் சலிப்போடு சொன்னார்: "அப்ப கவுன்ட்டருக்கு வேற ஆளத்தான் பாக்கணும்."